ஐவருள் ஒருவன்

சான்பாடா மேம்பாலத்தின் அடியில் நவி மும்பை மாநகராட்சி அமைத்திருக்கும் ஆடுகளத்தை நம் மன்றத்து நண்பர்கள் பலரும் அறிவர். மேலே வண்டிகள் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. கீழே, தூண்களுக்கு நடுவே, கம்பிவலை சூழ்ந்த களத்தில் பந்து துள்ளுகிறது. ஆடி மாதத்து மழையிலும் நனையாமல் ஆட இந்த மாநகரில் இதைப்போல் எத்தனை இடம் உண்டு? வெளியூரிலிருந்து படிக்க வந்த நம்மவர் மாலை வேளைகளில் அங்கே கூடுவதும், ஆடுவதும், ஆடி முடித்தபின் வடாபாவ் கடையில் நின்று ஆடியதைப்பற்றியே பேசுவதும் வழக்கமாகிவிட்டது. அப்படிப் பேசிப் பேசி முற்றிய பூசல் ஒன்று இப்போது மன்றத்தையே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அதைப்பற்றித்தான் எழுதுகிறேன்.

2025 பிப்ரவரியில் நம் கூடைப்பந்து அணி வேறொரு கல்லூரி நண்பர்களுடன் அங்கே ஒரு நட்புப் பந்தயம் ஆடியது. 51க்கு 47 என்ற கணக்கில் தோற்றோம். நாம் எடுத்த 47 புள்ளிகளுள் 29 புள்ளிகளை ஒருவரே எடுத்தார். அவர் யாரென்று எழுத வேண்டிய தேவையில்லை. நம் விடுதியில் அவர் பெயரை அறியாதார் யார்? உயரம், வேகம், கைத்திறம் மூன்றும் ஒருங்கே வாய்த்தவர். பந்து கைக்கு வந்தால் மூவர் மறித்தாலும் கூடையை நோக்கி எழும்பக் கூடியவர்.

அடுத்த வாரம் மன்றக் கூட்டத்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று. "இருபத்தொன்பது புள்ளி எடுத்தவரை அணித்தலைவர் ஆக்குங்கள், மற்ற நால்வரும் அவருக்குப் பந்தைக் கொடுத்தால் போதும்" என்றது ஒரு கட்சி. "அவர் பந்தை யாருக்கும் கொடுப்பதில்லை, அவரை வெளியே அமர்த்துங்கள், அணி தானே உருப்படும்" என்றது மற்றொன்று. இரண்டு பக்கத்திலும் கைதட்டல் ஓங்கியது. யாருக்காக இவ்வளவு பேசினோமோ அவர் மட்டும் பேசாமல் எழுந்து போனார். அன்று முதல் அவர் பயிற்சிக்கு வருவதில்லை.

இரண்டு கட்சியும் தவறு என்பது என் எண்ணம். கட்சி கட்டியவர்களுள் ஒருவரும் அவர் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தலைமை தருவதும் வெளியே தள்ளுவதும் எளிது. புள்ளி எடுக்கும் வல்லவரிடம் ஓர் அணி எதைக் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியை நாம் இன்னும் கேட்கவே இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அறிவியல் படிப்பவனுக்கு இது ஒரு நோய், பொறுத்தருள்க. அன்று வெளியே அமர்ந்திருந்த முதலாண்டு மாணவி ஒருவர் என் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒவ்வோர் எறிக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். நம் நண்பர் எறிந்தவை 38. கூடையில் விழுந்தவை 11. அவற்றுள் ஒன்று மூன்று புள்ளி எறி. ஆக 23 புள்ளிகள். தண்ட எறியில் வந்த 6 புள்ளிகளைச் சேர்த்து 29. மற்ற எல்லாரும் சேர்ந்து எறிந்தவை 19, விழுந்தவை 8. அவை 16 புள்ளிகள், தண்ட எறி 2, ஆக 18. நண்பரின் ஓர் எறிக்கு ஏறத்தாழ 0.6 புள்ளி, மற்றவரின் ஓர் எறிக்கு 0.84 புள்ளி.

இதைக் கண்டதும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. "அகப்பட்டார்!" என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் மகிழ்ச்சி குறைந்தது. ஓர் எறியை அவரிடமிருந்து எடுத்து மற்றவரிடம் கொடுத்தால் கிடைக்கும் ஆதாயம் கால் புள்ளிக்கும் சற்றுக் குறைவு. நான்கு புள்ளித் தோல்வியைச் சமன் செய்யவே பதினேழு எறிகளை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். மேலும், மற்றவர் எறிந்த பத்தொன்பதும் எளிய எறிகள். எதிரணியினர் இருவரும் மூவருமாக நம் நண்பரையே மொய்த்துக்கொண்டிருந்ததால் மற்றவர்க்குக் கிடைத்தவை. எறிகள் கூடினால் அந்த எளிமை குறையும், 0.84 என்பதும் கூடவே இறங்கும். எனவே "அவர் அதிகமாக எறிந்தார், அதனால் தோற்றோம்" என்ற வழக்கு என் கணக்கிலேயே நிற்கவில்லை.

பின் எதனால் தோற்றோம்? விடை அதே பக்கத்தின் மறுபாதியில், எதிரணிக்கான கோடுகளில் இருந்தது. அவர்கள் எடுத்த 51இல் 18 புள்ளிகள் விரைந்தோடி எடுத்தவை. அதாவது நம் எறி தவறியதும் பந்தைப் பற்றி, நாம் திரும்பி வருமுன்னே நம் கூடைக்கு ஓடிப் போட்டவை. அப்படிப் போட்டது ஒன்பது முறை. அவற்றுள் ஆறு நம் நண்பரின் தவறிய எறிக்குப் பின் வந்தவை. எறி தவறியவுடன் அவர் என்ன செய்தார்? இடுப்பில் கைவைத்துக் கூடையைப் பார்த்து நின்றார். அது ஆணவமன்று, களைப்பு. முப்பத்தெட்டு முறை மூவருக்கு நடுவே எழும்பியவன் களைக்காமல் என்ன செய்வான்? அவர் நின்ற அந்த இரண்டு நொடியில் எதிரணியில் ஒருவன் நம் கூடையடியில் தனியாக இருந்தான்.

ஆகவே அவரிடம் நாம் கேட்க வேண்டியவற்றுள் முதலாவது, எறிந்தபின் ஓடி வருவது. சொல்லப்போனால், ஓடி வருவதற்கான மூச்சை மிச்சம் வைத்துக்கொண்டு எறிவது. இதற்குக் கைதட்டல் கிடைக்காது. நாம் எதற்குக் கைதட்டுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பந்து வலைக்குள் விழுந்தால் தட்டுகிறோம். அவர் பெயரைச் சொல்லிக் கூவுகிறோம். யாராவது எதிரியைத் தொடர்ந்தோடித் தடுத்தால் மௌனம். அழகான பாஸ் ஒன்று கொடுத்து, வாங்கியவர் தவறவிட்டால், "ஐயோ, நீயே போட்டிருக்கலாமே!" என்று கம்பிவலைக்கு வெளியே நின்று கதறுகிறோம். இருபது பேர் ஓராண்டு முழுதும் இப்படிக் கதறினால் எந்த மனிதன் பந்தை அடுத்தவனுக்குக் கொடுப்பான்? அவரைக் கெடுத்ததில் நமக்கும் பங்குண்டு.

நிற்க. இஃது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கூடைப்பந்து பிறந்த நாட்டிலேயே இந்தக் கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்திருக்கிறது. வில்ட் சேம்பர்லின் என்ற ஏழடி மனிதர் 1962 மார்ச் 2ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி என்னும் சிற்றூரில் ஒரே பந்தயத்தில் நூறு புள்ளிகள் எடுத்தார். அறுபத்துமூன்று எறிகளில் முப்பத்தாறு. முப்பத்திரண்டு தண்ட எறிகளில் இருபத்தெட்டு. அவரது பிலடெல்பியா வாரியர்ஸ் அணி 169க்கு 147 என்று நியூயார்க் அணியை வென்றது. அந்தப் பந்தயத்தின் இறுதிப் பகுதி எப்படி நடந்தது தெரியுமா? அவர் நூறை எட்டக்கூடாது என்று நியூயார்க் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. பந்து விரைவில் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று அவருடைய அணித்தோழர்கள் வேண்டுமென்றே எதிரணியினர்மேல் ஃபவுல் செய்தார்கள். வெற்றி தோல்வி முடிவான பந்தயத்தில் பத்துப்பேரும் ஒரு மனிதரின் எண்ணிக்கைக்காக ஆடினார்கள். வேடிக்கையான காட்சிதான், ஆனால் அதைக் கூடைப்பந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பருவம் முழுவதிலும் அவருடைய சராசரி பந்தயத்திற்கு 50.4 புள்ளி. இன்றுவரை அதை யாரும் நெருங்கவில்லை. பட்டம்? பட்டம் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குப் போயிற்று. கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஏழாம் பந்தயம்வரை போராடி, 109க்கு 107 என்று இரண்டே புள்ளியில் வாரியர்ஸ் தோற்றது. செல்டிக்ஸ் அணியின் நடுநாயகமான பில் ரசலின் வாழ்நாள் சராசரி பதினைந்து புள்ளிதான். ஆனால் 1957 முதல் 1969 வரை பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டம் அவர் அணிக்கு. எதிரியின் எறியைத் தடுப்பதும், தவறி மேலெழும்பும் பந்தைப் பற்றுவதும், பற்றியதை உடனே அடுத்தவனுக்கு அனுப்புவதுமே அவர் தொழில்.

இந்தக் கதையை இவ்வளவில் நிறுத்தி, "பார்த்தீர்களா, ரசல்தான் சிறந்தவர்" என்று முடிப்பவர்கள் உண்டு. நான் நிறுத்தப் போவதில்லை. சுவையானது இனிமேல்தான் வருகிறது. 1966-67 பருவத்தில் அதே சேம்பர்லின், இப்போது செவன்டிசிக்சர்ஸ் அணியில், அலெக்ஸ் ஹானம் என்ற பயிற்சியாளரின் கீழ் ஆடினார். சராசரி 24.1 புள்ளியாயிற்று, ஐம்பதில் பாதிகூட இல்லை. ஆனால் அவர் எறிந்தவற்றுள் நூற்றுக்கு அறுபத்தெட்டு கூடையில் விழுந்தன. பந்தயத்திற்கு ஏறத்தாழ எட்டு முறை அவர் கொடுத்த பந்தைத் தோழர்கள் கூடையில் இட்டார்கள். அணி 68 வெற்றி, 13 தோல்வி என்று பருவத்தை முடித்து, எட்டாண்டு தொடர்ந்து பட்டம் வைத்திருந்த பாஸ்டனை ஐந்தே பந்தயத்தில் வீழ்த்திப் பட்டத்தையும் வென்றது. அந்த ஆண்டின் இறுதிச் சுற்றில் அவர்களிடம் தோற்ற சான் பிரான்சிஸ்கோ அணியில் ஆடியவர் ரிக் பாரி. அவர்தாம் அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளிச் சராசரி எடுத்தவர், 35.6. ஐந்தாண்டுக்கு முன் சேம்பர்லின் நின்ற இடத்தில் அன்று பாரி நின்றார்.

"அப்படியானால் புள்ளியைக் குறைத்தால் வெற்றி வரும் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல மாட்டேன். மைக்கேல் ஜோர்டன் இருக்கிறாரே! அவர் ஆறு முறை பட்டம் வென்றார். அந்த ஆறு பருவங்களிலும் அதிகப் புள்ளிச் சராசரி அவருடையதே. புள்ளி எடுப்பது குற்றமென்றால் அவர் ஒன்றுகூட வென்றிருக்கக்கூடாது. ஆனால் 1986 ஏப்ரலில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே பந்தயத்தில் 63 புள்ளி எடுத்தபோது அவர் அணி தோற்றது. அடுத்த பருவத்தில் பந்தயத்திற்கு 37.1 என்று தம் வாழ்நாளிலேயே உயர்ந்த சராசரி எடுத்தார்; அணி முதற்சுற்றிலேயே மூன்று பந்தயமும் தோற்று வெளியேறிற்று. 1991இல் முதல் பட்டம் வந்தபோது சராசரி 31.5. இடையில் மாறியது என்ன? நல்ல துணைவர்கள் வந்தார்கள், உண்மைதான். ஃபில் ஜாக்சன் பயிற்சியாளரானார். பந்து ஐவர் கையிலும் சுழலும் முக்கோண முறையைப் புகுத்தினார். அதுவும் உண்மை. அந்த முறைக்கு ஜோர்டன் இணங்கினார் என்பதே எல்லாவற்றிலும் பெரிது. 1997 இறுதிச் சுற்றின் ஆறாம் பந்தயம். இரு அணிக்கும் 86. சில நொடிகளே மிச்சம். அரங்கம் முழுதும் ஜோர்டன்தான் எறிவார் என்று காத்திருக்க, தம்மை நோக்கி இரண்டாம் ஆள் வருவதைக் கண்டதும் அவர் ஸ்டீவ் கெர்ருக்குப் பந்தைக் கொடுத்தார். கெர் எறிந்தார், விழுந்தது, பட்டம் கிடைத்தது.

அந்த ஒரு பாஸைப்பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய நூறு பாஸ்களைப்பற்றி யாரும் பேசுவதில்லை. கடைசி நொடியில் கெர்ரின் கை நடுங்காமல் இருந்ததென்றால், பருவம் முழுதும் அந்தக் கைக்குப் பந்து வந்துகொண்டிருந்தது என்று பொருள்.

இங்கேதான் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பிப்ரவரிப் பந்தயத்தில் வலப்புற மூலையில் நின்றவன் நான். ஒரு நிமிடம் இருக்கையில் 47க்கு 49 என்று பின்தங்கியிருந்தோம். நம் நண்பர் கூடையை நோக்கிப் பாய்ந்தார், மூவர் சூழ்ந்தனர். அவர், ஆம், "பந்தே கொடுக்க மாட்டார்" என்று நாம் ஏசுகிற அவர்தாம், பந்தை எனக்கு வீசினார். என்னைச் சுற்றி ஒருவருமில்லை. பத்தடி தூரம். எட்டு வயதுப் பிள்ளையும் எறிந்து பார்க்கும். நான் எறியவில்லை. பந்து சுட்டதுபோல் அவரிடமே திருப்பி வீசினேன். அதற்குள் நான்காமவனும் அவர்மேல் பாய்ந்திருந்தான். பந்து பறிபோயிற்று, இரண்டு புள்ளியும் போயிற்று. கூட்டத்தில் இதை யாரும் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஏட்டில் 38 எறிக்கும் கோடு இருக்கிறது. நான் எறியாத ஒன்றுக்குக் கோடில்லை.

ஏன் எறியவில்லை? அச்சம் என்றால் அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. அதற்கு முன் இருபது நிமிடம் என் கையில் பந்து படவேயில்லை. குளிர்ந்த கை எறியத் துணியாது. துணியாத கையைக் கண்டவர் பந்து கொடுக்கத் தயங்குவார். கொடுக்காததால் கை மேலும் குளிரும். இந்தச் சக்கரத்தை யாராவது ஒருவர் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தும் வலிமை நால்வரிடமும் இல்லை, வல்லவர் ஒருவரிடமே இருக்கிறது. முதல் ஐந்து நிமிடத்தில், இழப்பதற்கு நேரம் இருக்கும்போது, எங்கள் ஒவ்வொருவருக்கும் அவர் பந்து கொடுக்க வேண்டும். நாங்கள் தவறவிடுவோம். தவறவிட்டவனிடமே மறுமுறையும் கொடுக்க வேண்டும். அவரிடம் நான் கேட்கும் இரண்டாவது இதுதான், முதலாவதைவிடக் கடினமானது. தம்மைவிடத் திறம் குறைந்தவனை இரண்டாம் முறை நம்புவது எளிதா?

பாரதக் கதையில் அபிமன்யுவைப்பற்றி ஒரு பக்கத்தை மட்டும் பேசுகிறோம். சக்கர வியூகத்துள் நுழையத் தெரிந்தவன், வெளிவரத் தெரியாதவன் என்கிறோம். அவன் தனியே போகத் திட்டமிடவில்லை. பின்னால் பெரியப்பன்மார் வருவதாகப் பேச்சு. சயத்ரதன் வாயிலை அடைத்தான், வரவேண்டியவர் வரவில்லை. நம் நண்பர் மூவருக்கு நடுவே புகும்போதெல்லாம் மற்ற நால்வரும் எங்கே நின்றோம்? நின்ற இடத்தில் நின்று அழகு பார்த்தோம். ஒருவன் கூடையடிக்கு வெட்டிப் போயிருந்தால், மற்றவன் இடம் மாறியிருந்தால், பந்தை அனுப்ப அவருக்கு ஒரு வாயிலாவது திறந்திருக்கும்.

நம் இல்லங்களில் இது புதிதா? ஊரிலிருந்து முதலில் ஒருவர் பம்பாய்க்கு வருகிறார். தாராவியிலோ செம்பூரிலோ ஒரு மூலையைப் பிடிக்கிறார். பின்னால் தம்பி, மச்சான், சித்தப்பா மகன் என்று ஒரு கூட்டமே வருகிறது. அவர் ஒருவர் உழைப்பில் பத்துப்பேர் உண்கிறார்கள். வந்தவர்களுக்கு அவர் வேலை தேடிக் கொடுத்தால் வீடு நிமிர்கிறது; எல்லாவற்றையும் தாமே சுமந்தால், அவர் ஒருநாள் காய்ச்சலில் படுக்க, அடுப்பும் படுத்துவிடுகிறது. "அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று இருந்த தம்பிகளின் பங்கும் அதில் உண்டு. என் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன்.

நம் சடுகுடு அணியின் கதையும் நினைவுக்கு வருகிறது. புரோ கபடிப் போட்டியில் தமிழ் தலைவாஸ் அணி 2017இல் அடியெடுத்து வைத்தது. அதன் தலைவர் அஜய் தாக்கூர், அதற்கு முந்தைய ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை இந்தியா வெல்லக் காரணமாயிருந்த வீரர். அந்தப் பருவத்தில் பாடிச் சென்றே இருநூறுக்கு மேல் புள்ளி எடுத்தார். அணி தன் பிரிவில் கடைசி. 2018இலும் இருநூறைத் தாண்டினார்; மறுபடியும் கடைசி. 2022இல் பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சம் கொடுத்து வாங்கினார்கள். அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. முதற்பந்தயத்திலேயே அவர் முழங்கால் காயத்தால் வெளியேறினார். பருவம் முழுதும் திரும்பவில்லை. எல்லாரும் தலையில் கைவைத்தோம். நடந்தது என்ன? நரேந்தர் என்ற இளைஞர் பாடப் புறப்பட்டார். சாகர் முதலிய பிடிகாரர்கள் களத்தைக் காத்தனர். அணி முதன்முறையாக அரையிறுதிக்கு வந்தது. அந்த அரையிறுதி நம் வொர்லியில்தான் நடந்தது. 39க்கு 37 என்று புனே அணியிடம் தோற்றோம். இரண்டு புள்ளித் தோல்விக்கு அவ்வளவு பெருமைப்பட்ட கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதை வைத்துக்கொண்டு "பார், வல்லவர் வெளியேறியதும் அணி உருப்பட்டது" என்று இரண்டாம் கட்சியினர் கிளம்ப வேண்டாம். நரேந்தரும் இருநூறைத் தாண்டியவரே. ஒரு வல்லவர் போன இடத்தில் இன்னொரு வல்லவர் எழுந்தார். அவர் ஒருவரை மட்டும் நம்பிக் களம் நிற்கவில்லை என்பதே வேறுபாடு. பவன் காயமுறாதிருந்தால் அணி கோப்பையையே வென்றிருக்கும் என்று நம்புகிறவன் நான்.

கூடைப்பந்தில் நம் தமிழகம் ஈன்ற பெருமை அனிதா பால்துரை. சென்னைப் பெண், தெற்கு இரயில்வேயில் பணி. பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவரானார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நாட்டிற்காக ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே சென்னை இரயில்வே அணியில் கேரளத்துக் கீது அன்னா ஜோஸ் கூடையடியில் நின்று ஆடினார். ஆஸ்திரேலியா சென்று ஆடிய அளவுக்குத் திறம் படைத்தவர். ஒரே அணியில் இரண்டு வல்லவர்கள்! ஒருவர் வெளியிலிருந்து எறிவதாலேயே மற்றவருக்கு உள்ளே இடம் கிடைக்கும். ஒருவர் உள்ளே ஆட்களை ஈர்ப்பதாலேயே மற்றவருக்கு வெளியே காற்று வரும். பந்து கையில் இல்லாதபோதும் வல்லவர் பயன்படுவார் என்பதை நம் நண்பர் அறிந்துகொண்டால் போதும். அவர் இடப்புறம் சும்மா நடந்தாலே இரண்டு எதிரிகள் உடன் நடக்கிறார்கள். வலப்புறம் நாங்கள் நால்வர், அவர்கள் மூவர். இந்தக் கணக்கு முதல் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் தூண்டிற்புழுவாக நிற்க யாருக்குத்தான் விருப்பம்? புழுவின் பெயரைச் சொல்லி யார் கைதட்டுகிறார்கள்? நான் அவரிடம் கேட்கும் மூன்றாவது அது.

"இவ்வளவும் கேட்கிறாயே, அவருக்கு என்ன கொடுப்பாய்?" என்று அவருடைய கட்சியினர் கேட்பது நியாயம். கடைசி இரண்டு நிமிடத்தில் ஆட்டம் சிக்கலாகி, யாருக்கும் வழி தோன்றாதபோது, பந்து அவருடையது. அப்போது அவர் மூவருக்கு நடுவே எழும்பட்டும்; தவறட்டும்; ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. எல்லாரும் சமமாக எறிய வேண்டும் என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. கடினமான எறியை எறியவல்லவர் ஒருவர் எந்த அணிக்கும் வேண்டும். எளிய எறியையும் அவரே எறிய வேண்டியதில்லை, அவ்வளவே.

தலைமையைப் பொறுத்தவரை அவருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். தண்டனையாக அன்று. பந்தை மேலே கொண்டுவருபவர், ஐவரையும் கண்முன் வைத்திருப்பவர், தலைவராயிருப்பது வசதி. நம் அணியில் அப்படியொருவர் இருக்கிறார். கூட்டத்தில் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை, ஏனெனில் அன்று அவர் எடுத்தது இரண்டே புள்ளி.

சென்ற சனிக்கிழமை நான் நண்பரின் அறைக்குப் போனேன். மூலையில் நின்று பந்தைத் திருப்பி வீசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "நீ எறிந்திருந்தால் விழுந்திருக்கும்டா" என்றார். பிறகு குறிப்பேட்டை வாங்கி, எதிரணியின் ஒன்பது கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தனக்குப் பின் வந்தவை என்று கேட்டார், ஆறு என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பயிற்சி. வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் வலப்புற மூலையில் நிற்பேன். கம்பிவலைக்கு வெளியே நிற்க வருகிறவர்களும் வரலாம்.